பலகையில் நிற்க ஆள் வேண்டும்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது, கப்பல் பட்டறையில் வேலை எப்படிப் போகிறது என்று விவரமாக எழுது. போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கேன்க்கா" என்ற ஒரே பதில்தான் வருகிறது.

பாய் வத்தை வாங்கிய செய்தியைச் சொன்னதும் நீ கேட்டாய்: "ரிட்டயர் ஆன பணத்துல போயி பழைய வத்தையா? இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா எஞ்சினோட ஒரு ஃபைபர் படகு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கலாமேக்கா." கேட்டதில் தப்பில்லை. வீட்டில் கணக்குப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ அப்பாவோடு கடலுக்குப் போனவன். அதனால் உனக்கு முழுதாகச் சொல்ல வேண்டும்.

வத்தை கிடைத்தது சேதுபாவாசத்திரத்துப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். நீளம் 22 அடி, அகலம் நாலரை அடிக்குக் கொஞ்சம் குறைச்சல். அப்பாவுடையதைவிடச் சிறியது. ஒற்றைப் பாய்மரம், ஒரு பாய். அடிப்பக்கம் தட்டை. பாய், பாயைக் கட்டுகிற பருமல், சுக்கான், ஆள் ஏறி நிற்கிற பலகை எல்லாம் சேர்த்து 60,000 கேட்டார்கள், 45,000-க்கு முடிந்தது. விற்றவர் வயதான மனிதர். பிள்ளைகள் யாரும் இப்போது பாய் வைத்து ஓட்டுவதில்லை. ஒருவன் விசைப்படகில் போகிறான், இன்னொருவன் உன்னைப்போல வெளிநாடு. விறகுக்குக் கேட்டவர்களிடம் தர மனமில்லாமல் அதைப் பனையோலைக் கொட்டகைக்குள் வைத்திருந்தார். அந்தக் கொட்டகையைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் மட்டும் போய்ப் பார்த்து வாங்கவில்லை. படகு கட்டுகிற நம் ஊர் ஓடாவி அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு இப்போது மர வேலை குறைவு. ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடும் வேலைதான் நிறைய வருகிறதாம். மரத்தைப் பார்க்கக் கூப்பிட்டதும் சுத்தியலும் ஒரு சின்னப் பேனாக்கத்தியும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கே வந்து நின்றார்.

அவர் பார்த்த விதத்தை எழுதியாக வேண்டும். முதலில் வத்தையைத் தொடவே இல்லை. அணியத்துக்கு நேராகப் பத்தடி தள்ளி நின்று, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். முன்முனையிலிருந்து பின்முனை வரை நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறதா, உடம்பு முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கிறாராம். ஒரு பலகை அழுகியிருந்தால் மாற்றிவிடலாம். உடம்பு முறுக்கியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, என்றைக்கும் ஒரு பக்கமாகவே இழுக்கும் என்றார். பிறகுதான் சுத்தியல். பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் கணீரென்று பேசியது. ஒன்றிரண்டு இடத்தில் சத்தம் மந்தமாக வந்தது. அங்கே கத்தி முனையை வைத்து அழுத்தினார். பாய்மரம் நிற்கிற குழிக்குக் கீழே, விலா எலும்பு மாதிரி நிற்கிற வங்குகள் அடிப்பலகையோடு சேருகிற மூலைகளில், பலகைகளின் வெட்டுமுனைகளில். அழுகல் எப்போதும் வெட்டுமுனையில்தான் தொடங்குமாம். தண்ணீர் உள்ளே ஏறும் வழி அதுதானே.

ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் விரலால் தடவிப் பார்த்தார். இரும்பாணி துருப்பிடித்தால் ஆணி மட்டும் கெடுவதில்லை. சுற்றியிருக்கும் மரத்தையும் கருப்பாக்கி மென்மையாக்கிவிடுகிறது. அப்புறம் எத்தனை புது ஆணி அடித்தாலும் அந்த ஓட்டையில் பிடிக்காது. இந்த வத்தையின் வலப்பக்கத்தில் சில இடம் அப்படித்தான் கருத்துக் கிடந்தது. இடப்பக்கம் புதிதாக இருந்தது. கேட்டதற்குப் பெரியவர் சொன்னார்: 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த இரவில் அலை இதைத் தூக்கித் தென்னந்தோப்புக்குள் போட்டுவிட்டது. இடப்பக்கத்தில் மூன்று பலகை நொறுங்கிப்போனது. அந்தக் கரையில் அன்றைக்கு எத்தனை படகு உடைந்து, எத்தனை தென்னை சாய்ந்தது என்று உனக்கே தெரியும். எல்லாரும் ஃபைபருக்கு மாறிய அந்த நேரத்தில், இவர் அயினிப் பலகை வாங்கி, செப்பாணி போட்டுச் சரிசெய்திருக்கிறார். வங்குக்கு நம்மூர்க் கருவேலம். ஓடாவி அண்ணன் அந்தப் பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "செஞ்ச கை யாரு கை?" என்று கேட்டார். செய்தவர் இப்போது இல்லையாம்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதற்கு முன்னால் இன்னொரு வத்தை பார்த்தோம். விலை இன்னும் குறைவு. வெளியே பளபளவென்று ஃபைபர் பூச்சு. பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. ஓடாவி அண்ணன் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். பழைய மரத்தின் மேல் ஃபைபர் போட்டால் உள்ளே ஏற்கெனவே ஊறியிருக்கிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் அடைபட்டுவிடும். மேலே ஓடு போல நிற்க, உள்ளே மரம் மாவாகிப்போகும். பூச்சு போட்ட பழைய வத்தை வாங்குகிறவன் மரத்தைப் பார்க்காமலே வாங்குகிறான். உன் நண்பர்கள் யாராவது ஊர்ப் பக்கம் வாங்கக் கேட்டால் இதைச் சொல்.

மழைத் தண்ணீரைப் பற்றியும் அன்றைக்குத்தான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். இத்தனை வருஷம் உப்புத் தண்ணீர்தான் மரத்தைத் தின்கிறது என்று நினைத்திருந்தவர்கள் நம் வீட்டிலேயே உண்டு. மரத்துக்கு உப்பு காவல். அழுகல் நோயைப் பரவவிடாது. மழைத் தண்ணீர் உள்ளே தேங்கி நின்றால்தான் மரம் உளுக்கிறது. அதற்காக வெட்டவெளி வெயிலிலும் போட முடியாது. பலகை காய்ந்து சுருங்கி, இடைவெளி வாய்விட்டுக்கொள்ளும். மழை இறங்காமல், காற்று மட்டும் உள்ளே போய் வருகிற பனையோலைக் கொட்டகைதான் சரியான இடம். அந்தப் பெரியவர் கட்டி வைத்திருந்தது அதைத்தான். யார் எப்படிப் பேசினாலும், ஒரு பழைய வத்தையை எப்படி வைத்திருந்தார்கள் என்பதை அதன் கொட்டகை சொல்லிவிடும்.

கடலில் இருக்கும்போது எதிரி வேறு. கப்பல் புழு. மேலே குண்டூசித் துளை அளவுதான் தெரியும். உள்ளே விரல் தடிமனுக்குக் குடைந்து வைத்திருக்கும். வலப்பக்க அடிப்பலகை இரண்டில் அந்தத் துளைகள் இருந்தன. அந்த இரண்டையும் மாற்ற வேண்டும் என்று பேசித்தான் விலையைக் குறைத்தோம். அச்சாரம் கொடுத்து, பெரியவரிடம் விற்பனைக் கடிதம் எழுதி வாங்கி, பெயர் மாற்றத்துக்கு மீன்வளத் துறை அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். 1983-ஆம் வருஷத்துக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி நாட்டுப்படகும் பதிவில் இருக்க வேண்டும். பாய் வத்தைதானே என்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் விடவில்லை. பிள்ளைகள் அதில் ஏறப் போகிறார்கள். காகிதம் சுத்தமாக இருக்கட்டும்.

ஊருக்கு லாரியில் ஏற்றி வரலாம் என்று உன் மச்சான் சொன்னார். ஓடாவி அண்ணன் கேட்கவில்லை. "வாடை பின்னாலேருந்து தள்ளுது. இந்த மாசத்துல தெக்க போற வத்தைய லாரில ஏத்துனா சிரிப்பாய்ங்க" என்றார். தை முடியும் சமயம். வாடையின் உக்கிரம் தணிந்திருந்தது. மரம் காய்ந்திருந்ததால் கலப்பத்து முழுக்கப் புதிதாக அடித்தோம். பஞ்சுத் திரியை உளியால் இடைவெளியில் இறுக்கி, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி மெழுகினார்கள். ஓடாவி அண்ணன் பட்டறை வைத்திருந்த காலத்தில் நம் தெருவெல்லாம் அடிக்குமே, அதே வாசனை. பிறகு கரையோரம் முழங்கால் தண்ணீரில் வத்தையை அமிழ்த்திப் போட்டார்கள். மரம் தண்ணீர் குடித்து ஊதி, இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை காத்திருந்தோம். அவசரப்பட்டவர்கள் வழியில் இறைத்தே சாவார்கள் என்றார் பெரியவர்.

நானும் அதில் வந்தேன், தம்பி.

கேள்விப்பட்டு உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. நம் வீட்டில் பெண்கள் வத்தையில் ஏறியதில்லை. அம்மா பாயை ஒட்டுப்போட்டுத் தைத்திருக்கிறாள். நான் பனிச்சங்காயை இடித்துச் சாறெடுத்துக் கொடுத்திருக்கிறேன், பருத்திப் பாய்க்கும் வலைக்கும் துவரேற்ற. ஏறியதில்லை. இந்த முறை யாரும் தடுக்கவில்லை. பணம் கொடுத்தவள் என்பதால் தடுக்கவில்லையா, வாத்தியாரம்மா என்பதாலா, அந்தப் பெரியவரே "வாத்தா, மரத்தடியில உக்காரு" என்று கை கொடுத்ததாலா, தெரியாது. மரத்தடியில் உட்கார்ந்து, வெட்டிய எண்ணெய்க் கேனால் ஊறுகிற தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தேன்.

கட்டுமாவடி, மணமேல்குடி, மீமிசல், எஸ்.பி.பட்டினம் என்று பஸ் ஜன்னலில் பார்த்த ஊர்களையெல்லாம் கடல் பக்கத்திலிருந்து பார்த்தேன். கோயில் கோபுரமும் பள்ளிவாசல் மினாராவும் மாதா கோயில் சிலுவையும்தான் முதலில் தெரிகின்றன, ஊர் பிறகுதான். அப்பா கரையை ஏன் அந்த அடையாளங்களால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று இப்போது புரிகிறது. வழியில் ஒரு பெரிய பரப்பு கடற்புல். மேலிருந்து பார்த்தால் புல்வெளி அப்படியே அசைகிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் ஆவுளியா என்கிற கடற்பசுக்களுக்கான காப்பகமாக அறிவித்தார்களே, அந்தப் பகுதி. ஆவுளியாவைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் புல்லை அறுக்காமல், சத்தம் போடாமல், எண்ணெய் சொட்டாமல் அதன் மேல் போனோம். அது எனக்குப் பெரிய நிறைவாக இருந்தது.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

மணமேல்குடி தாண்டியதும் காற்று கிழக்கிலிருந்து வீசும் கொண்டலாகத் திரும்பிப் பக்கவாட்டில் பிடித்தது. பலகையை வெளியே தள்ளிக் கட்ட வேண்டிய நேரம். கூட வந்த நம்மூர்ப் பையன்கள் மூன்று பேரும் கடலுக்குப் போகிறவர்கள்தான், ஆனால் எஞ்சின் படகில். பலகையை எந்தப் பக்கம் நீட்டுவது என்பதே ஒருவனுக்குக் குழப்பமாக இருந்தது. காற்று வருகிற பக்கம் நீட்டி, அதன் மேல் ஏறிக் கடலுக்கு மேலே தொங்கி நிற்க வேண்டும் என்றதும் இன்னொருவன் சிரித்தான். பிறகு வத்தையை விற்ற பெரியவர் தன் வயதில் அதன் மேல் நடந்து போனதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். காற்று ஏற ஏற அவர் ஒரு அடி வெளியே போனார். குறையும்போது ஒரு அடி உள்ளே வந்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பையன்கள் வத்தை சாய்ந்த பிறகு ஓடினார்கள்; அவர் சாயும் முன்பே போய் நின்றார். ஒரு முறை இவர்கள் எல்லாரும் உள்ளே இருந்தபோது பாய் திடீரென்று நிரம்பி, கீழ்ப்பக்க விளிம்பு வழியாகத் தண்ணீர் என் மடிக்கு வந்தது. பெரியவர் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை விட்டுக் காற்றைக் கொட்டினார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்போது எனக்கு நீதான் நினைவுக்கு வந்தாய்.

உனக்குப் பதினாலு பதினைந்து வயதிருக்கும். கோயில் திருவிழாப் போட்டியில் அப்பாவின் வத்தையில் பலகையின் கடைசி நுனியில் நீதான் நின்றாய். நான் கரையில் நின்று பார்த்தேன். அன்றைக்கு இரவு சோறு தின்னும்போது எப்படிடா பயமில்லாமல் நின்றாய் என்று கேட்டேன். காற்று வருவதற்கு முன்னால் தண்ணீரில் கறுப்பாக ஒரு பரப்பு ஓடி வரும்க்கா, அது நம்மைத் தொடும் முன்னால் வெளியே போய்விட வேண்டும் என்றாய். அது தூரத்தில் எப்படி இருக்கும், எவ்வளவு நேரத்தில் வந்து சேரும், மேகத்துக்கு அடியில் வருவதற்கும் வெயிலில் வருவதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு மணி நேரம் சொன்னாய். பரீட்சைக்குக்கூட நீ அவ்வளவு பேசியதில்லை.

இந்தப் பலகையைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. மதராஸ் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற வெள்ளைக்காரர் இந்தியப் படகுகளைப் பற்றி 1920-ல் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார். அதில் நம் பாக் விரிகுடாப் படகுகள் காற்றுப் பக்கம் பலகை நீட்டி ஆளை நிறுத்தி ஓடுவதைத் தனியாகக் கவனித்து எழுதியிருக்கிறார். அது ஏன் நம் கடலில் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நம் விரிகுடாவின் சராசரி ஆழம் 9 மீட்டர்தான். பல இடங்களில் கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் வராது. ஆழமாக இறங்குகிற அடிக்கட்டை வைத்தால் சேற்றில் சொருகிக்கொள்ளும். ஆக அடி தட்டையாகத்தான் இருக்க வேண்டும். தட்டையான அடிக்கு இரண்டு குறை: காற்றில் எளிதில் சாயும்; பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். சாய்வுக்குப் பலகையும் ஆளும். வழுக்கலுக்கு, மறுபக்க விளிம்பில் தண்ணீருக்குள் இறக்குகிற இன்னொரு பலகையும், ஆழமான சுக்கானும். வேறு கடலில் இரும்பும் ஈயமும் செய்கிற வேலையை நம் கடலில் மனிதன் தன் உடம்பு எடையால் செய்தான்.

அதனால்தான் இதை வாங்கியதும் எனக்கு ஒன்று தெளிவானது. ஃபைபர் படகை ஒருத்தர் வைத்துக்கொள்ளலாம். எஞ்சினுக்கு டீசல் ஊற்றி ஒருத்தரே ஓட்டவும் செய்யலாம். வத்தையை ஒருத்தர் வைத்துக்கொள்ளவே முடியாது. சுக்கானுக்கு ஒரு ஆள், தாமானுக்கு ஒரு ஆள், பலகைக்கு இரண்டு மூன்று ஆள். காற்று மாறிப் பருமலைப் பாய்மரத்தின் அந்தப் பக்கம் கொண்டு போகும்போது எல்லாக் கையும் வேண்டும். ஆள் இல்லாத வத்தை வெறும் பலகைக் குவியல். மரத்தை ஓடாவி அண்ணன் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார். ஆளை யார் செய்து கொடுப்பது?

திருவிழாப் போட்டிகள் நம் கரையில் இன்னும் நடக்கின்றன, நீ போன பிறகும். அதற்கென்றே பாயும் வத்தையும் வைத்திருக்கும் ஊர்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் பையன்கள் பலகையில் நிற்கிறார்கள், நம் ஊரில்தான் இல்லை. சுனாமிக்குப் பிறகு ஃபைபர் வந்ததும் இங்கே ஒவ்வொன்றாக வத்தைகள் விறகாகின. பாய் கட்டத் தெரிந்தவர்களில் நடமாட முடிகிறவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் பலகையில் ஏற முழங்கால் இல்லை. வயதும் உடம்பும் கையில் வித்தையும் சேர்ந்து இருக்கிறவன் நம் ஊரில் நீ ஒருவன்தான். நீ சிங்கப்பூர் துவாஸில் இரும்புத் தகட்டுக்கு ஒட்டு வைத்துக்கொண்டிருக்கிறாய்.

பழைய படகை யார் மதிக்கிறார்கள் என்றும் கேட்டாய். எதிர்க்கரையில் இருக்கும் இலங்கையை நினைத்துப் பார். வல்வெட்டித்துறையில் 1930-ல் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அது சில வருஷம் ஓடிய பிறகுதான் வாங்கினார். பழைய கப்பல்தான். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைப் பாய் விரித்து ஓட்டிப்போய் அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கப்பலை வாங்க அமெரிக்கரிடம் பணம் இருந்தது. ஓட்டிக்கொண்டு போக வல்வெட்டித்துறை ஆள்தான் வேண்டியிருந்தது. என்னிடம் இப்போது வத்தை இருக்கிறது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நீ கவலைப்படாதே. பலகை மாற்ற, கலப்பத்து, புதுக் கயிறு, கூலி என்று வாங்கிய விலையில் பாதி ஆகிவிட்டது. இன்னும் கொஞ்சம் ஆகும். வருஷா வருஷம் வேலை உண்டு: கரையேற்றி அடியில் ஒட்டிய கொட்டலசு சுரண்டணும், ஓலைத் தீ காட்டிப் புழுவைக் கொல்லணும், எண்ணெய் ஏற்றணும். வாடை உரக்கும் ஐப்பசி, கார்த்திகையில் கடலில் விடாமல் கொட்டகைக்குள் வைத்துவிடுவோம். கொட்டகைக்கு நம் வீட்டுக் கொல்லையில் தெற்கு ஓரம் ஒதுக்கியாயிற்று. மற்ற மாதங்களில் சும்மா நிற்காது. கரையோரம் நண்டு வலைக்கு அனுப்பப் பேசியிருக்கிறேன். பழைய முறைதான்: ஆளுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, வத்தைக்கு ஒரு பங்கு. வத்தையின் பங்கை நான் எடுக்க மாட்டேன். தனி டப்பாவில் போட்டு அதன் குங்கிலியத்துக்கும் ஆணிக்கும்தான். டீசல் செலவு இல்லாததால் சின்னப் பாடு கிடைத்தாலும் பையன்கள் கையில் கொஞ்சம் மிஞ்சும். போன வாரம் நண்டுக்குப் போனவர்கள் காற்று விழுந்ததால் துடுப்புப் போட்டே வந்து சேர்ந்தார்கள். சலிப்பாகத்தான் இருந்தது அவர்களுக்கு. மறுநாளும் போனார்கள்.

பாதுகாப்புக்கு ஐந்து மிதவை ஜாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். அது இல்லாமல் யாரும் பலகையில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்பா காலத்தில் இதெல்லாம் கிடையாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அப்பா காலத்தில் திரும்பி வராதவர்களின் பெயரும் எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது கேட்க நினைத்ததைக் கேட்கிறேன். ஆடியில் லீவு எடுத்து வருகிறேன் என்றாய். ஆடியில் வராதே. அடுத்த மாசிக்கு மாற்றிக்கொள். அலை இல்லாத மாதம் வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆடியில் கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கரையோரத் தண்ணீர் தட்டையாக, கற்றுக்கொள்ள வசதியாகத் தெரியும். ஆனால் பழகாத பையன்கள் வத்தையைக் கவிழ்த்தாலோ பருமல் முறிந்தாலோ காற்று அவர்களை வெளியே கொண்டுபோகும். மாசி, பங்குனியில் இளங்கொண்டல் வீசும்போது தப்பு நடந்தால் காற்றே அவர்களைக் கரைக்குத் தள்ளிவிடும். இதை எனக்குச் சொன்னது அந்தப் பெரியவர்தான். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீயே யோசித்திருப்பாய். ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஒரு மாதம் இருந்தால் போதும். தினமும் காலையில் பையன்களோடு ஏறு. அன்றைக்கு எனக்கு இரவுச் சோற்றின்போது சொன்னதை அவர்களுக்குத் தண்ணீரின் மேல் வைத்துச் சொல். கறுத்து வரும் தண்ணீரை நான் கரும்பலகையில் வரைந்து காட்ட முடியாது. நான் முப்பது வருஷம் பாடம் நடத்தியவள், எதைப் புத்தகத்தில் சொல்லித்தர முடியும், எதை முடியாது என்று எனக்குத் தெரியும். உன் மகனையும் கூட்டி வா. பள்ளிக்கு லீவு கேட்டு நானே கடிதம் எழுதித் தருகிறேன். அவனுக்கும் வயதாகிவிட்டது, நீ பலகையில் நின்ற வயது.

வரும்போது தங்கம், சாக்லேட் எதுவும் வேண்டாம். செப்பாணி இங்கே நல்லதாகக் கிடைப்பதில்லை. அங்கே கப்பல் சாமான் கடையில் 3 அங்குலத்தில் கிடைத்தால் இரண்டு கிலோ வாங்கி வா. ஆணியோடு போடும் செப்பு வட்டும் சேர்த்து. பாய் தைக்க மெழுகு நூல் தடித்தது நாலு உருண்டை. பழைய பாயின் மேல் முனை இற்றுப்போயிருக்கிறது. புதுப் பாய்க்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், நீ வந்து அளவு சொன்ன பிறகுதான் வெட்டுவேன். வயிறு எவ்வளவு வைக்க வேண்டும் என்பதில் இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

சிங்கப்பூரில் லீவு மாற்ற முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பாயே, அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் கேட்டுப் பார்த்துவிட்டு, டிக்கெட் போடும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல். பையன்களிடம் மாசி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா